சத்தம் கேட்கும் பிள்ளை சொல்லவும் பழகட்டும்

(பெற்றாருக்கு ஒரு பாடம்)

பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குவதில் எமது பெற்றார் காட்டும் அக்கறைக்குக் குறைவே இல்லை. ஏடு தொடக்கிய கையோடு கொப்பியும் பென்சிலும் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து எழுத வைக்கிறோம். ஆனால் கண்ணுக்கும் கைக்கும் கொடுக்கும் இந்தப் பயிற்சியில் காற்பங்கையேனும் பிள்ளையின் காதுக்குக் கொடுக்கிறோமா?

மொழிக் கல்வியின் படிகளைக் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று ஆசிரியர்கள் வரிசைப்படுத்துவர். முதற்படியில் கால் ஊன்றாத பிள்ளையை நான்காம் படியில் ஏற்றிவிட்டு, "சொல்வதெழுதலில் ஏன் இத்தனை பிழை?" என்று கேட்பதில் நியாயமில்லை. திருவள்ளுவரும் 'கல்வி' அதிகாரத்தை அடுத்துக் 'கல்லாமை' பாடி, அதனை அடுத்துக் 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்தையே வைத்தார். செவிக்கும் கல்வி உண்டு என்பது எமக்குப் புதிய செய்தியல்ல.

இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே, செலவில்லாமல், செவிப்பயிற்சி கொடுக்கும் வழிகளை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. காது எப்போது கற்கத் தொடங்குகிறது?

குழந்தை பிறந்த பின்புதான் கேட்கத் தொடங்குகிறது என்று எண்ணுவது தவறு. தாயின் வயிற்றில் ஆறு மாதம் நிறையும் காலத்திலேயே அது சத்தங்களை உணரத் தொடங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான டிகாஸ்பர், பைபர் ஆகிய இருவரும் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பலரை வியக்க வைத்தது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் சூப்பியை வைத்து, அவை சூப்பும் முறைக்கு ஏற்பத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும்படி செய்தார்கள். குழந்தைகள் தத்தம் தாயின் குரலைக் கேட்கும் வகையிலேயே சூப்பப் பழகிக்கொண்டன.

கனடாவில் வேர்க்கர், ரீஸ் என்னும் ஆய்வாளர்கள் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தமிழ்ப் பெற்றாருக்கு இன்னும் பொருத்தமானது. இந்தி மொழியில் நாக்கைப் பல்லில் வைத்து ஒலிக்கும் தகரமும், நாக்கை மடித்து ஒலிக்கும் டகரமும் வெவ்வேறு ஒலிகள். ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளிற் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அதனைப் பிரித்தறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதமானபோது அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. தம்மைச் சூழ்ந்தோர் பேசாத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது.

'பத்து' வேறு, 'பட்டு' வேறு என்று எமது பிள்ளைகள் இலகுவாக அறிவதற்குக் காரணம், அவர்கள் தொட்டிலிற் கிடந்தபோதே நாம் அவர்களோடு தமிழ் பேசியதுதான். கனடாவிலும் இலண்டனிலும் பிறந்த பேரப்பிள்ளைகளோடு தொலைபேசியில் கதைக்கும் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். கைக்குழந்தைக்கு என்ன விளங்கும் என்று கதையாமல் விடவேண்டாம்.

2. பெயரோடு நின்றுவிடாதீர்கள்

சத்தத்தைக் கேட்டதும், "அது என்ன?" என்று நாம் பிள்ளையிடம் கேட்கிறோம். பிள்ளை "காகம்" என்கிறது. "கெட்டிக்காரன்!" என்று சொல்லிவிட்டு எம் வேலையைப் பார்க்கிறோம். உண்மையில் பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். பின்வரும் உரையாடலைக் கவனியுங்கள்.

"அதென்ன சத்தம், ராசா?"

"காகம்."

"ஓம், காகம்தான். எப்பிடிக் கத்துது? ஒருக்காக் கத்திக் காட்டு பாப்பம்."

"கா... கா... கா... கா..."

"காலமை சோறு வைக்கேக்க கத்தினது மாதிரியோ?"

"இல்லை. அது ஆறுதலாக் கத்தினது. இது கெதி கெதியாக் கத்துது. கோவமாக் கத்துது."

"ஏன் கோவம்?"

"மதிலில பூனை இருக்குது!"

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் பிள்ளை ஒரு சத்தத்தைப் போலச் செய்தது; இரண்டு சத்தங்களை ஒப்பிட்டது; வேகத்தையும் உணர்ச்சியையும் சொல்லிற் கொண்டுவந்தது; காரணத்தையும் கண்டுபிடித்தது. பள்ளியில் பின்னாளில் கட்டுரை எழுதும்போது தேவைப்படும் ஆற்றல்கள் இவையே.

ஆதலால் ஒரு சத்தத்தைப் பற்றி ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். எது? எங்கிருந்து வருகிறது? எப்படி இருக்கிறது? எதைப்போல இருக்கிறது? ஏன் உண்டாகிறது? இரண்டு வயதுப் பிள்ளைக்கு முதற் கேள்வியும், அந்தச் சத்தத்தைப் போலச் செய்து காட்டுவதும் போதும். மூன்று, நான்கு வயதில் 'எங்கே', 'எப்படி' என்பவற்றைச் சேர்க்கலாம். ஐந்து வயதில் 'எதைப்போல', 'ஏன்' என்பவை தாமாகவே வரும். ஒரே வேளையில் ஐந்தையும் கேட்டுப் பிள்ளையைப் பரீட்சை மண்டபத்தில் இருத்தியது போல் ஆக்கிவிடக் கூடாது.

'எப்படி' என்று கேட்டால் பிள்ளை திகைக்கலாம். அப்போது இரண்டு விடைகளை நீங்களே கொடுத்துத் தெரியச் செய்யுங்கள். உரத்த சத்தமா, மெல்லிய சத்தமா? கனத்த குரலா, கீச்சுக் குரலா? நீண்டு கேட்கிறதா, சட்டென்று நிற்கிறதா? விட்டுவிட்டு வருகிறதா, தொடர்ந்து வருகிறதா? கிட்ட வருகிறதா, தூரப் போகிறதா? செண்பகத்தின் குரல் கனத்தது. அணிலின் குரல் கீச்சென்றது. கோவில் மணியை அடித்து விட்ட பின்பும் அதன் ஒலி நீண்டு தேயும். கதவைச் சாத்தும் ஒலி அப்போதே முடியும். இத்தகைய சோடிகளை வைத்துக் கேட்டால் பிள்ளைக்கு வேறுபாடு விரைவில் பிடிபடும்.

'எதைப்போல' என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் விடையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கிணற்றில் தண்ணீர் வற்றியபோது நீர் இறைக்கும் மோட்டர் 'கொட்டாவி விடுது' என்று ஒரு பிள்ளை சொன்னால், அது பிழையல்ல. நல்ல உவமை. அவ்வாறே ஏற்றுக்கொண்டு, "ஓம், கொட்டாவி மாதிரித்தான் கிடக்கு" என்று திருப்பிச் சொல்லுங்கள். தன் சொல்லுக்கு மதிப்புக் கிடைக்கிறது என்று கண்ட பிள்ளை மேலும் சொல்லும்.

3. தமிழ் தரும் சொற்கள்

சத்தத்தைச் சொல்லித் தருவதற்குத் தமிழைப் போல் உதவும் மொழிகள் சிலவே. சலசல, கலகல, படபட, தடதட, நறநற என்று எத்தனை இரட்டைக்கிளவிகள்! இவற்றை இரண்டாகப் பிரித்தால் பொருள் தரமாட்டா என்பதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே கூறுகிறது. இலக்கணம் பிள்ளைக்குப் பின்னர் வரட்டும். சொற்கள் இப்போதே வரட்டும்.

அடுக்களையே இதற்குச் சிறந்த வகுப்பறை. கடுகு படபடவென்று வெடிக்கிறது. சோறு தளதளவென்று கொதிக்கிறது. புட்டுப் பானையிலிருந்து ஆவி உஸ்ஸென்று வருகிறது. திருவலையில் தேங்காய் கறகறக்கிறது. வளவுக்குப் போனால் காய்ந்த சருகு சரசரக்கிறது. காற்றில் காவோலை உரசுகிறது. பனம்பழம் தொப்பென்று விழுகிறது. கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது.

இந்தச் சொற்களில் ஓர் அருமை உண்டு. ஓடும் நீருக்கும் சிரிப்புக்கும் சலசல, கலகல என்று லகரம் வருகிறது. மோதும் பொருள்களுக்குத் தடதட, கடகட என்று டகரம் வருகிறது. அரைபடும் பொருள்களுக்கு நறநற, கறகற என்று றகரம் வருகிறது. மணிக்குக் கணகண என்று ணகரம் வருகிறது. சத்தத்தைச் சொல்லப் பழகும் பிள்ளை, தன்னை அறியாமலே எழுத்துக்களின் ஒலியையும் பிரித்தறியப் பழகுகிறது.

'காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும், வண்டு முரலும்' என்ற மரபுச் சொற்களைப் பிள்ளைகள் பரீட்சைக்காக மனனஞ் செய்கிறார்கள். செண்பகம் எப்படிக் கூவும் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. முதலிற் பறவையைக் கேட்கச் செய்து, பின்பு சொல்லைக் கொடுத்தால் அது மறக்காது.

வீட்டுக்கு வீடு ஓசைகள் வேறுபடும். கடற்கரைப் பிள்ளைக்கு அலையும் வள்ளத்து எஞ்சினும். வயற்கரைப் பிள்ளைக்குத் தவளையும் உழவு இயந்திரமும். கொழும்புத் தொடர்மாடிப் பிள்ளைக்கு மின்தூக்கியும் மேல்வீட்டுக் காலடியும். அவரவர் கேட்பதே அவரவர் பாடம்.

4. இரண்டு விளையாட்டுகள்

மரியா மொண்டிசோரி அம்மையார் ஒரு வைத்தியர். 1907ஆம் ஆண்டில் உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் இந்தியாவுக்கு வந்து உலகப் போர்க்காலம் முழுவதும் அங்கே தங்கிய அவர், 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். எமது ஊர்களில் பாலர் பள்ளிகளை இன்றும் 'மொண்டிசோரி' என்றே பலர் அழைக்கின்றனர். செவிப்பயிற்சிக்கு அவர் வகுத்த இரண்டு விளையாட்டுகளை வீட்டிலும் நடத்தலாம்.

ஓசைப் பெட்டிகள்: ஒரே அளவான, உள்ளிருப்பது தெரியாத சிறிய டின்கள் ஆறு எடுங்கள். இரண்டில் அரிசி, இரண்டில் புளியங்கொட்டை, இரண்டில் மணல் என ஒரே அளவாகப் போட்டு, மூடியை நன்றாக ஒட்டிவிடுங்கள். பிள்ளை குலுக்கிப் பார்த்துச் சோடி சேர்க்க வேண்டும். சோடி சேர்த்தபின், எது உரத்தது, எது மெல்லியது என்று வரிசைப்படுத்தட்டும். "உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறாய்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கடைசியிற் கேளுங்கள். சிறு பிள்ளைகள் விதைகளை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வதுண்டு. ஆகவே டின் திறபடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மௌன விளையாட்டு: பிள்ளைகள் கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டும். தாய் அடுத்த அறைக்குச் சென்று, ஒவ்வொருவர் பெயரையும் மெதுவான குரலில் அழைப்பார். பெயர் கேட்டவர் ஓசைப்படாமல் நுனிக்காலில் நடந்து வரவேண்டும். "சத்தம் போடாதே!" என்று அதட்டி உண்டாக்கும் அமைதி பிள்ளைக்குத் தண்டனை. தானே முயன்று உண்டாக்கும் அமைதியில் பிள்ளைக்கு மகிழ்ச்சி உண்டு. விளையாட்டு முடிந்ததும், "அந்த நேரம் என்னென்ன கேட்டது?" என்று விசாரியுங்கள். மணிக்கூட்டின் டிக் டிக், பல்லி, தூரத்து மோட்டார் சைக்கிள், தன் மூச்சு என்று பிள்ளை அடுக்கும்.

தொலைக்காட்சியோ கைத்தொலைபேசியோ நாள் முழுவதும் அலறும் வீட்டில் இவ்விளையாட்டுகளுக்கு இடமில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் இருக்கலாகாது என்றும், அதற்குக் குறைவாக இருப்பதே மேல் என்றும், ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவும் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. நாளுக்குப் பத்து நிமிடமாவது வீட்டில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி வையுங்கள்.

5. சத்தத்திலிருந்து எழுத்துக்கு

ஐந்து வயதை அணுகும் பிள்ளைக்குச் சொற்களின் ஒலியைக் கொண்டு விளையாட்டுக் காட்டலாம். முதலிற் குறிலும் நெடிலும். கல் - கால், படம் - பாடம், குடை - கூடை, கொடி - கோடி எனச் சொல்லுங்கள். குறுகிய ஒலிக்கு ஒரு தட்டு; நீண்ட ஒலிக்குக் கையை விரித்துக் காட்டட்டும்.

பின்பு நெருங்கிய மெய்யொலிகள். பல்லி - பள்ளி, வால் - வாள், மனம் - மணம், பனி - பணி. நீங்கள் ஒன்றைச் சொல்ல, பிள்ளை உரிய படத்தைத் தொட்டுக் காட்டலாம். அல்லது அதைச் செய்து காட்டலாம். 'வால்' என்றால் பின்னாலும், 'வாள்' என்றால் இடுப்பிலும் கையை வைக்கச் சொன்னால் வீடே சிரிக்கும்.

இங்கே பெற்றாரும் தம் நாக்கைக் கவனிக்க வேண்டும். பேச்சில் எம்மிற் பலர் ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கிறோம். 'வாழை' என்பதை 'வாளை' என்று கேட்ட பிள்ளை 'வாளை' என்று எழுதினால், அதன் காதிலே குற்றமில்லை. கதை வாசித்துக் காட்டும்போதேனும் எழுத்துக்களைத் திருத்தமாக ஒலியுங்கள். நகரமும் னகரமும் இன்றைய பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அவற்றைச் செவியாற் பிரிக்கும்படி பிள்ளையை வருத்த வேண்டாம். அவை சொல்லில் வரும் இடத்தைக் கொண்டு பின்னர் அறிந்துகொள்ளும்.

6. அச்சந்தரும் சத்தங்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கினால் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப் பிடிப்பார்கள். "பயப்பிடாதை" என்று சொல்வதால் பயம் போவதில்லை. சத்தத்தைப் பற்றிச் சொல்ல வைத்தால் பயம் குறையும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்கிறது. மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று செக்கன்களை எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்போது எண்ணிய தொகையை மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் உண்டானது என்று தெரியும். ஒன்பது எண்ணினால் மூன்று கிலோமீற்றர். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் வெளியில் நிற்கலாகாது என்பதையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். "இது வெடிச்ச இடியோ, உருண்ட இடியோ?" என்று கேளுங்கள். காதைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளை அடுத்த இடிக்காகக் காத்திருக்கத் தொடங்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் எமது பிரதேசங்களிற் பிள்ளைகளின் காது காவற்காரனாக இருந்தது. செல் புறப்படும் சத்தம், விழும் சத்தம், கெலியின் சத்தம், பொம்பரின் சத்தம் என்று பள்ளிப் பருவத்திலேயே பிரித்துச் சொன்னவர்கள் பலர். அந்தப் பிள்ளைகள் இன்று தாய் தந்தையர். திருநாளில் வெடி கொளுத்தினாலும், ஆகாயத்தில் கெலி பறந்தாலும் அவர்களுட் சிலருக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. அது குறையல்ல, அவர்கள் பட்ட துன்பத்தின் தழும்பு. ஆனால் சிறு பிள்ளை சத்தத்தைக் கேட்டதும் முதலில் பார்ப்பது தாயின் முகத்தையே. ஆதலால், "அம்மாவுக்கு இந்தச் சத்தம் முந்திப் பயமாய் இருந்தது. இப்ப இது வெறும் வெடிதான். வா, எங்கயிருந்து கேக்குது எண்டு பாப்பம்" என்று உண்மையை அமைதியாகச் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைக்கும் பயத்தைவிட, சொல்லிவிடும் பயம் பிள்ளையை அதிகம் வருத்தாது. சத்தத்தால் நித்திரை குழம்பி நாளாந்தம் துன்புறுபவர்கள் வைத்திய ஆலோசனை பெறத் தயங்கலாகாது.

7. சொல்வழி கேளாத பிள்ளையா? கேட்க முடியாத பிள்ளையா?

இப்பயிற்சிகளின் மற்றொரு பயன், காதின் குறை காலத்தோடு வெளிப்படுவதாகும். "எத்தினை தரம் கூப்பிட்டாலும் வராது, சரியான பிடிவாதம்" என்று அடிவாங்கும் பிள்ளைகளுள், உண்மையிற் செவி மந்தமானவர்களும் இருக்கிறார்கள். பள்ளியில் 'மக்கு' என்று பின்வாங்கில் இருத்தப்படுபவர்களுள்ளும் இருக்கிறார்கள்.

பிறந்த குழந்தை திடீர்ச் சத்தத்துக்குத் துணுக்குற வேண்டும். ஆறு மாதமளவில் சத்தம் வரும் திசைக்குத் தலையைத் திருப்ப வேண்டும். ஒன்பது மாதமளவில் பெயரைக் கேட்டுத் திரும்ப வேண்டும். ஒரு வயதையொட்டி முதற் சொல்லும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதலும் வரவேண்டும். இவை பிந்தினால், 'ஆண் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்' என்று காத்திராமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பெரிய பிள்ளைகளில், அடிக்கடி "ஆ?" என்று கேட்டல், ஒரு காதையே திருப்பிக் கேட்டல், தொலைக்காட்சியைக் கூட்டி வைத்தல், பேசுபவரின் வாயையே உற்றுப் பார்த்தல், பின்னால் நின்று அழைத்தாற் திரும்பாதிருத்தல், காதிலிருந்து சீழ் வடிதல் ஆகியவை எச்சரிக்கைகள். தடிமன் பிடித்தபின் நடுக்காதில் நீர் தங்கிச் சில வாரங்கள் கேள்வி மந்தமாவது சிறு பிள்ளைகளிற் சாதாரணம். நீடித்தால் வைத்தியம் அவசியம்.

சிறுவர்களின் கேள்விக் குறைபாட்டில் ஏறத்தாழ 60 வீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காதுக்குள் எண்ணெய் விடுதல், நெருப்புக்குச்சி, கொண்டையூசி, கோழியிறகு ஆகியவற்றாற் குடைதல், கன்னத்திலும் காதிலும் அறைதல் ஆகியவற்றை இன்றோடு நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். கேள்வி இழந்த பிள்ளைக்கும் கேட்டற் கருவியும் சிறப்புக் கல்வியும் உண்டு. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலையும், தெற்கில் 1912இல் தொடங்கப்பட்ட இரத்மலானைப் பாடசாலையும் இப்பணியைச் செய்து வருகின்றன. காலம் பிந்தாமல் தொடங்குவதே முக்கியம்.

பல ஊர்களிற் பாண் வண்டி இசைத்து வரும் மெட்டு, பேதோவன் 1810ஆம் ஆண்டில் எழுதியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய செவி மங்கத் தொடங்கிவிட்டது. அந்த மெட்டுக் கேட்கும்போது இதனையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். செவி மங்கிய மனிதரின் அறிவு மங்கிவிடுவதில்லை என்று அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

8. ஒரு வாரப் பயிற்சி

திங்கள்: காலையில் எழுந்ததும் கண்ணைத் திறக்காமல் கேட்ட மூன்று சத்தங்களைச் சொல்லுதல்.

செவ்வாய்: அடுக்களைச் சத்தங்கள். கண்ணை மூடியபடி, அகப்பையா, கரண்டியா, கோப்பையா என்று அறிதல்.

புதன்: ஓசைப் பெட்டிகளைச் சோடி சேர்த்தல்.

வியாழன்: வளவில் நடந்து பறவைக் குரல்களைக் கேட்டல்; ஒன்றைப் போலச் செய்தல்.

வெள்ளி: பல்லி - பள்ளி, குடை - கூடை விளையாட்டு.

சனி: அம்மம்மா அல்லது அப்பப்பாவிடம், அவர்கள் சிறுவயதிற் கேட்ட, இன்று கேட்காத சத்தங்களைக் கேட்டறிதல். துலாவும், மாட்டு வண்டிலும், உரலும் உலக்கையும் எப்படி ஒலித்தன என்று அவர்கள் போலச் செய்து காட்டட்டும்.

ஞாயிறு: கோவிலிற் கேட்ட மணிகள் எத்தனை? பெரிய மணிக்கும் பூசை நடுவே ஒலித்த சிறுமணிக்கும் என்ன வேற்றுமை? வீடு திரும்பும் வழியிற் பேசுதல்.

பிள்ளை சொல்லும்போது நாம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. கைத்தொலைபேசியைப் பார்த்தபடி 'ம்... ம்...' என்னும் தாய் தந்தையரிடம் எந்தப் பிள்ளையும் கேட்டலைக் கற்றுக்கொள்ளாது. பிள்ளை வாயைத் திறந்ததும் கையிலுள்ளதை வைத்துவிட்டு, அதன் முகத்தைப் பார்த்து, சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். செவிப்பயிற்சியின் முதற்பாடமும் முடிவுப் பாடமும் அதுவே.